அனுபவம் பட்டத்துக்கு ஈடாகும், பாடத்துக்கு ஆகாது: அமெரிக்க அரசின் இயற்கை வளப் பணிகளும் தகுதிக் கணக்கும்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வனவிலங்கு உயிரியலாளர் பணிக்கு ஆள் எடுக்க வெளியிடும் எந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டாலும், அடிப்படைத் தகுதி என்ற தலைப்பின் கீழ் இரண்டு வழிகள் எழுதப்பட்டிருக்கும். முதல் வழி, உயிரியல் துறையில் ஒரு பட்டம். இரண்டாவது வழி, கல்வியும் அனுபவமும் சேர்ந்த ஒன்று. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பட்டத்தை வேறு துறையில் வாங்கியவர்களும் நம்பிக்கையோடு படிப்பது இந்த இரண்டாவது வழியைத்தான். எட்டுப் பருவங்கள் காட்டில் பறவைக் கணக்கெடுத்தும், மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டியும் பழகிய ஒருவருக்கு, அந்த வரி தனக்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றும். அவர் விண்ணப்பிக்கிறார். சில வாரங்கள் கழித்து, அடிப்படைத் தகுதி இல்லை என்று ஒரு வரியில் பதில் வருகிறது. அந்த எட்டுப் பருவங்களின் உழைப்பைத் துறை அறிந்தவர்கள் எவரும் எடைபோட்டுப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள், ஏனென்றால் விண்ணப்பம் அந்தக் கட்டத்துக்கே போயிருக்காது.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. "கல்வியும் அனுபவமும்" என்ற சொற்களை அவர் ஒருவிதமாகப் புரிந்துகொண்டார், விதி வேறுவிதமாகப் பொருள் கொள்கிறது. கல்வி குறைந்தால் அனுபவத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். விதியோ, குறிப்பிட்ட பாடங்களைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும் என்றும், அந்தப் பாடங்களைச் சுற்றியுள்ள பட்டப்படிப்பின் எஞ்சிய பகுதிக்கு மட்டுமே அனுபவம் ஈடாகும் என்றும் சொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே அறியாததால் ஆண்டுக்கணக்கில் வீணாக விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கூட்டாட்சிப் பணிகளின் தகுதி அளவுகளை வகுப்பது பணியாளர் மேலாண்மை அலுவலகம். ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கிலக்க வரிசை எண் உண்டு. இயற்கை வள மேலாண்மையும் உயிரியலும் 0400 என்ற தொகுதியில் வருகின்றன. வனவிலங்கு உயிரியலாளருக்கு 0486, வனவியலாளருக்கு 0460, மேய்ச்சல் நில மேலாண்மைக்கு 0454, மண் அறிவியலுக்கு 0470, மீன் உயிரியலுக்கு 0482, பொதுவான இயற்கை வள மேலாண்மைக்கு 0401. வனத்துறை, நில மேலாண்மைப் பணியகம், மீன் மற்றும் வனவிலங்குத் துறை, தேசியப் பூங்காத் துறை, இயற்கை வளப் பாதுகாப்புத் துறை எனப் பணி தருவது எந்தத் துறையாக இருந்தாலும் இந்த எண்ணுக்குரிய அளவுகோல் ஒன்றே.

0486-இன் விதியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதல் வழியில் உயிரியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்துக்குள் பாலூட்டியியல், பறவையியல், விலங்குச் சூழலியல், வனவிலங்கு மேலாண்மை போன்ற வனவிலங்குப் பாடங்களில் 9 செமஸ்டர் கிரெடிட் (கல்லூரிப் பாடத்தின் அளவைக் காட்டும் அலகு), விலங்கியலில் 12, தாவரவியல் அல்லது அதைச் சார்ந்த தாவர அறிவியலில் 9 இருக்க வேண்டும். இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். அங்கே பட்டம் என்ற சொல் போய், உயிரியலில் ஒரு முதன்மைப் பாடத்துக்கு இணையான 30 கிரெடிட் என்று வருகிறது. அந்த 30-க்குள் அதே 9, அதே 12, அதே 9. அதன் பிறகுதான் "பொருத்தமான அனுபவம் அல்லது கூடுதல் கல்வி" என்ற சொற்கள் வருகின்றன. நான்காண்டுப் பட்டத்தின் மொத்த அளவு சுமார் 120 கிரெடிட். அவற்றில் உயிரியல் சார்ந்த 30-ஐ விதி விட்டுக்கொடுப்பதே இல்லை. மற்ற 90 சொச்சத்தின் இடத்தில்தான் அனுபவம் வந்து உட்கார முடியும்.

பறவையியலை ஏட்டில் கற்றவரைவிட எட்டுப் பருவம் காட்டில் நின்றவருக்கே பறவைகளை நன்றாகத் தெரியும் என்று வாதிடலாம், அந்த வாதம் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் பறவையியல் என்று ஒரு வரி இல்லாவிட்டால், மனிதவள அலுவலருக்கு அதை ஏற்க விதி இடம் தரவில்லை. விண்ணப்பதாரர் விட்டுப்போன கிரெடிட்டுகளை உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியிலோ, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் இணையவழி வகுப்பிலோ படித்து முடிக்கலாம். தாவரவியலில் 9 கிரெடிட் என்பது பொதுவாக மூன்று பாடங்கள். அந்த மூன்று பாடங்கள் தடையாக நிற்பதை அறியாமல், இன்னும் இரண்டு பருவம் வேலை செய்தால் தகுதி வந்துவிடும் என்று ஒருவர் காத்திருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

மற்ற வரிசைகளிலும் அமைப்பு இதேதான், அளவுகள் மட்டும் மாறும். வனவியலில் உயிரியல், இயற்பியல், கணித அறிவியல் அல்லது பொறியியல் சேர்ந்த 30 கிரெடிட் வேண்டும், அதில் 24 வனவியலாக இருக்க வேண்டும். அந்த 24-உம் புதுப்பிக்கத்தக்க வளங்களின் மேலாண்மை, காட்டு உயிரியல், காட்டு வள அளவீடு ஆகிய மூன்றையும் தொட்டிருக்க வேண்டும். மண் அறிவியலில் 30 கிரெடிட்டுக்குள் 15 கிரெடிட் மண் சார்ந்த பாடங்களாக இருக்க வேண்டும். மேய்ச்சல் நில மேலாண்மை எல்லாவற்றையும்விடக் கடுமையானது: மூன்று பிரிவுகளாகப் பிரிந்த 42 கிரெடிட். இவற்றோடு ஒப்பிட்டால் 0401 தளர்வானது. உயிரியல், வேளாண்மை, இயற்கை வள மேலாண்மை, வேதியியல் அல்லது பணிக்குத் தொடர்புடைய துறை ஒன்றில் முதன்மைப் பாடத்துக்கு இணையான படிப்பு இருந்தால் போதும், உட்பிரிவுகள் இல்லை. பணி அறிவிப்புகள் பலவற்றில் இது 24 கிரெடிட் என்று விளக்கப்பட்டிருக்கும். பல துறைகளில் கலந்து படித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஈடாக வரும் அனுபவம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் விதி சொல்கிறது, ஆனால் அந்தப் பகுதியை அதிகம் பேர் படிப்பதில்லை. பட்டப்படிப்பு ஒருவருக்குத் துறை அறிவோடு கூடவே பகுத்தாய்தல், எழுதுதல், ஆராய்தல் ஆகிய பழக்கங்களையும் தருகிறது, எனவே அதற்கு ஈடாகக் காட்டப்படும் அனுபவத்திலும் அவை தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம். வேலிக்கம்பம் நட்ட ஐந்து ஆண்டுகள் உழைப்பு என்ற வகையில் மதிப்புமிக்கவை, ஆனால் இந்த இடத்தில் அவை உதவுவது கடினம். அதே ஐந்து ஆண்டுகளில் ஒருவர் மாதிரிப் பரப்புகளை அமைத்து, மரங்களின் விட்டத்தை அளந்து, தரவைத் தொகுத்து, மேலதிகாரிக்கு அறிக்கை எழுதியிருந்தால் அது பொருந்தும். பலர் இரண்டையும் செய்திருப்பார்கள். ரெஸ்யூமேயில் வேலிக்கம்பம் மட்டும்தான் இருக்கும்.

இப்படி ஒரு விசித்திரமான அமைப்பு ஏன் உருவானது என்று கேட்டால், இரண்டு எதிரெதிர் வரலாறுகளைச் சொல்ல வேண்டும். 1905-இல் கிஃபோர்டு பின்ஷோவின் தலைமையில் வனத்துறை உருவானபோது, வனச்சரகர் பணிக்கான தேர்வு பெரும்பாலும் கைவேலைத் தேர்வாகவே இருந்தது. குதிரைக்குச் சேணம் பூட்ட வேண்டும், கோவேறு கழுதை மேல் சுமையைச் சரியாமல் கட்ட வேண்டும், திசைகாட்டியைக் கொண்டு நிலத்தை அளக்க வேண்டும். அதே காலத்தில் வனவியல் ஒரு கல்லூரிப் படிப்பாகவும் வேரூன்றிக்கொண்டிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1898-இலும் யேல் பல்கலைக்கழகத்தில் 1900-இலும் வனவியல் பள்ளிகள் தொடங்கின, பின்ஷோவின் குடும்பமே யேல் பள்ளிக்கு நிதி கொடுத்தது. காட்டில் வளர்ந்தவரும் கல்லூரியில் படித்தவரும் ஒரே துறையில், வெவ்வேறு படிக்கட்டுகளில் நின்றார்கள். அந்தப் பிளவு இன்றும் தொழில்நுட்பப் பணியாளர் என்ற பெயரிலும் தொழில்முறை அலுவலர் என்ற பெயரிலும் தொடர்கிறது.

இரண்டாவது வரலாறு போரோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களைக் கருத்தில் கொண்டு 1944-இல் இயற்றப்பட்ட முன்னாள் படைவீரர் முன்னுரிமைச் சட்டம், அரசுப் பணிகளுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வைப்பதையே பொதுவாகத் தடை செய்தது. படிக்கும் வயதில் போர்க்களத்தில் இருந்தவனைப் பட்டம் இல்லை என்று வாசலில் நிறுத்தக் கூடாது என்பதே அதன் நியாயம். ஆனால் ஒரு விலக்கும் வைத்தது: அறிவியல், தொழில்நுட்ப, தொழில்முறைப் பணிகளில், அந்தக் கல்வி இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது என்று நிறுவினால் கல்வித் தகுதி வைக்கலாம். இன்றும் சட்டத்தில் இருக்கும் இந்த விலக்கின் நிழலில்தான் 0400 தொகுதியின் தொழில்முறைப் பணிகள் நிற்கின்றன. பாடங்களை விதி ஏன் விடாப்பிடியாகக் கேட்கிறது என்பதும், பட்டத்தை ஏன் கேட்பதில்லை என்பதும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள். வேலைக்கு இன்றியமையாதது அந்த 30 கிரெடிட் அறிவு, பட்டச் சான்றிதழ் அல்ல.

இந்தத் தர்க்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. மண்ணைப் பற்றி முறையாக ஒன்றும் படிக்காதவர் மண் வரைபடத்தில் கையெழுத்திடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் இந்தத் தர்க்கத்தைப் பொருந்தாத இடத்தில் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டுத்தீ அணைப்புப் பணி ஒரு கசப்பான சான்று.

1994 ஜூலை 6 அன்று கொலராடோ மாநிலத்தில், ஸ்டார்ம் கிங் மலையில் பற்றி எரிந்த சவுத் கேன்யன் தீயில் 14 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த மறுஆய்வுகளின் விளைவாக, தீயணைப்பை வழிநடத்துபவர்களின் தகுதியை உயர்த்த வேண்டும் என்று துறைகள் ஒன்றுகூடி முடிவெடுத்தன. 2000-களில் நடைமுறைக்கு வந்த பொது அளவுகோல்கள், உயர்நிலைத் தீ மேலாண்மைப் பணிகள் பலவற்றை 0401 வரிசைக்குள் கொண்டுபோயின. நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பணிகளில் ஏற்கெனவே இருந்தவர்களில் பலர் 0462 என்ற வனவியல் தொழில்நுட்பப் பணியாளர் வரிசையில் கீழிருந்து ஏறி வந்தவர்கள். நூற்றுக்கணக்கான தீக்களைப் பார்த்தவர்கள், காற்று திரும்புவதை முகத்தில் உணர்பவர்கள். அவர்களிடம் இருந்ததோ தீயணைப்புத் துறைகளே நடத்தும் பயிற்சி வகுப்புகளின் சான்றிதழ்கள். உயர்கல்வி நிறுவனத்தின் கிரெடிட்டாக ஏற்கப்படாத துறைப் பயிற்சி பொதுவாகக் கல்வியாக எண்ணப்படுவதில்லை. எனவே இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் உயிரியல், வேளாண்மை வகுப்புகளில் கிரெடிட் சேர்க்கப் போக வேண்டியிருந்தது. சிலர் போனார்கள். சிலர் உயர் பதவியே வேண்டாம் என்று விட்டார்கள்.

இந்தச் சிக்கல் தீர நெடுங்காலம் ஆனது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் காட்டுத்தீப் பணியாளர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று பணித்தது, 2022-இல் 0456 என்ற எண்ணில் காட்டுத்தீ மேலாண்மை வரிசை பிறந்தது. அதில் கட்டாயக் கல்லூரிப் பாடம் இல்லை. அனுபவத்தை அதன் சொந்தக் காலில் நிற்கவிட்ட முடிவு அது. அந்த வேலைக்கு அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. 2020-இல் வந்த அதிபர் ஆணையும் 2024 டிசம்பரில் சட்டமான மற்றொரு சீர்திருத்தமும் அரசு வேலைகள் முழுவதிலும் பட்டத்தைவிடத் திறமையைப் பார்க்கச் சொல்கின்றன. ஆனால் அவற்றைக் கேள்விப்பட்டு, 0486-க்கும் 0460-க்கும் பாடக் கட்டாயம் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இதுவரை சொன்னது முதல் பூட்டு. அதைத் திறந்த பிறகு இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் நிலை. ஜிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொது ஊதிய அட்டவணையில் 1 முதல் 15 வரை நிலைகள் உள்ளன. அடிப்படைத் தகுதி மட்டும் உள்ளவர் ஜிஎஸ்-5 நிலைக்குத் தகுதியானவர். ஜிஎஸ்-7-க்கு ஓராண்டு முதுநிலைப் படிப்போ, சிறந்த மதிப்பெண்களோடு கூடிய இளநிலைப் பட்டமோ, ஜிஎஸ்-5-க்கு இணையான ஓராண்டு அனுபவமோ வேண்டும். ஜிஎஸ்-9-க்கு முதுநிலைப் பட்டம் அல்லது இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு, இல்லையேல் ஜிஎஸ்-7-க்கு இணையான ஓராண்டு. ஜிஎஸ்-11-க்கு முனைவர் பட்டம் அல்லது மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு, இல்லையேல் ஜிஎஸ்-9-க்கு இணையான ஓராண்டு. ஆய்வுப் பணிகள் நீங்கலாக, ஜிஎஸ்-12-இலும் அதற்கு மேலும் படிப்பு கைகொடுக்காது, அனுபவம் மட்டும்தான்.

இந்த இரண்டாவது பூட்டில் கல்வியும் அனுபவமும் உண்மையாகவே கலக்கின்றன. படிப்பில் எத்தனை சதவீதம், அனுபவத்தில் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும், 100 வந்தால் தகுதி. கேட்க எளிது, ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் ஜிஎஸ்-9-க்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு முதுநிலைப் படிப்பை அவருடைய பல்கலைக்கழகம் 18 கிரெடிட்டாகக் கொள்கிறது, அவர் 27 முடித்திருக்கிறார். கையில் ஜிஎஸ்-7-க்கு இணையான 3 மாத அனுபவமும் உண்டு. தேவை 36, இருப்பது 27, ஆக 75 சதவீதம். 12 மாதத்தில் 3 மாதம் 25 சதவீதம். கூட்டினால் 100 என்று அவர் மகிழ்கிறார். விதி அப்படிக் கணக்கிடுவதில்லை. அடுத்த கீழ்நிலைக்குத் தேவையான படிப்பைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் உள்ளதை மட்டுமே அனுபவத்தோடு சேர்க்கலாம். முதல் 18 கிரெடிட் ஜிஎஸ்-7-க்கு உரியது, அது இங்கே எண்ணப்படாது. எஞ்சிய 9, அடுத்த ஆண்டின் 18-இல் பாதி. எனவே 50-உம் 25-உம் சேர்ந்து 75 சதவீதம்தான். இன்னும் 3 மாதம் வேலை செய்திருந்தால் தகுதி வந்திருக்கும். தொழில்நுட்பப் பணியாளர் வரிசைகளில் ஜிஎஸ்-5-க்கும் இதே முறைதான்: முதல் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பான 60 கிரெடிட்டுக்கு மேல் உள்ள தொடர்புடைய படிப்பே கணக்கில் வரும், அதில் 30 கிரெடிட் 6 மாதச் சிறப்பு அனுபவத்துக்குச் சமம்.

அனுபவத்தை அளப்பதிலும் கண்டிப்பு உண்டு. வாரம் 40 மணி நேரம் முழுநேர வேலை, 20 மணி நேரம் என்றால் ஓராண்டு ஆறு மாதமாகத்தான் எண்ணப்படும். பருவகாலப் பணியாளர்களின் நியமனம் பொதுவாக ஆண்டுக்கு 1,039 மணி நேரம், அதாவது ஆறு மாதத்துக்குச் சற்றே குறைவு. அதனால்தான் அந்தப் பணிக்கே அவர்களுக்குள் "பத்து முப்பத்தொன்பது" என்று பெயர். மூன்று பருவம் வேலை செய்தேன் என்பது மூன்று ஆண்டு அனுபவம் ஆகாது, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான். மறுபுறம், ஊதியம் இல்லாத தன்னார்வப் பணியும் முழுமையாக எண்ணப்படும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. அமெரிக்கோர் என்ற தேசியச் சேவை அமைப்பில் பாதை சீரமைத்ததும், வார இறுதிகளில் ஓர் அறக்கட்டளைக்காக ஆமை முட்டைகளைக் கணக்கெடுத்ததும் அனுபவமே. மாதம், ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும், இல்லையேல் அலுவலர் ஊகித்து எண்ண மாட்டார். 2025-இன் இறுதிப் பகுதியிலிருந்து கூட்டாட்சி ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், எதை விடுவது என்ற முடிவு முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

மதிப்பெண் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடத்தின் பெயரைப் பார்த்துத்தான் முதல் முடிவு எடுக்கப்படுகிறது. "நிலமும் மனிதனும்" என்ற பெயரில் ஒரு பாடம் இருந்து, அதன் உள்ளடக்கம் முழுவதும் மண் அறிவியலாக இருந்தாலும், பட்டியலைப் புரட்டும் அலுவலருக்கு அது தெரியாது. காலாண்டு முறைக் கல்லூரியில் படித்தவர்களின் கிரெடிட் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், அங்கே 45 இருந்தால்தான் இங்கே 30. விண்ணப்பிக்கும் முன் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு, வனவிலங்கு, விலங்கியல், தாவரவியல் என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அதற்குரிய இடத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் நிலைமை தெரிந்துவிடும். ஒரே பாடத்தை இரண்டு நெடுவரிசையில் எழுதக் கூடாது.

இந்தியாவில் படித்து அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு இதில் ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. கூட்டாட்சியின் போட்டிப் பணிகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும், 1976-ஆம் ஆண்டின் 11935 எண் அதிபர் ஆணை அதை நிலைநாட்டியது. எனவே பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டுப் படிப்பை நேசஸ் போன்ற கூட்டமைப்பில் உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, அமெரிக்க அளவில் எவ்வளவுக்குச் சமம் என்று எழுதி வாங்க வேண்டும். பொதுவான மதிப்பீடு போதாது, பாடம் பாடமாகக் கிரெடிட் காட்டும் மதிப்பீடு வேண்டும், ஏனென்றால் 0400 தொகுதி கேட்பது அதைத்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலோ, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ நான்காண்டு செமஸ்டர் முறையில் படித்தவர்களின் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே 2+1 என்று வகுப்பும் செய்முறையும் பிரித்துக் கிரெடிட் அச்சாகியிருப்பதால், அவர்களுக்கு இந்தப் பணி எளிது.

கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு விலங்கியல் படித்தவர்களின் நிலை வேறு. சில மதிப்பீடுகள் மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை, மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதிவிடும். அப்படி வந்தால் மனம் உடைய வேண்டியதில்லை, இரண்டாவது வழி இருப்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். விலங்கியல் முதன்மைப் பாடமாகவும் தாவரவியல் துணைப் பாடமாகவும் படித்தவருக்கு 12-உம் 9-உம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், விலங்குச் சூழலியலும் வனவிலங்கியலும் படித்திருந்தால் வனவிலங்கு நெடுவரிசையும் ஓரளவு நிரம்பும், குறைந்ததைச் சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொள்ளலாம். பழைய ஆண்டுத் தேர்வு முறையில் படித்தவர்களின் பட்டியலிலோ "முதன்மைப் பாடம் தாள் 3" என்று மட்டும்தான் இருக்கும், உள்ளே பறவையியலா, ஒட்டுண்ணியியலா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் தாங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தின் சான்றிட்ட நகலைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கி, மதிப்பீட்டுக்கு அனுப்பும் உறையில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். மதிப்பீடு வந்த பிறகு திருத்தம் கேட்டால் மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. பணி அறிவிப்போ பெரும்பாலும் சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ மூடிவிடும்.